வண்டியைப் பார்க்காமல் வெட்டாத பாய்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசல். காலைக் கோலத்தின் மேலேயே சாக்கை விரித்து, என் அம்பாசிடரின் முன்னால் முழங்காலிட்டிருந்தேன். நாற்பத்தெட்டு வயதில், சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, நானே தேடிப் பிடித்து வாங்கிய வண்டி. என்னைவிட இரண்டு வயது மூத்தது.

வாட்டர் பம்ப் ஒழுகி மூன்று மாதமாக நின்றுகொண்டிருந்தது. என் கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாங்குவதற்கு ஓர் ஆளைப் பிடித்துவிட்டார்.

"நாலு மணிக்கு வராரு. அதுக்குள்ள ஓட்டிக் காட்டு, அவரைத் திருப்பி அனுப்பிடறேன். இல்லேன்னா வண்டியக் குடுத்துடணும்."

சரி என்றேன். புதுப் பம்ப் முந்தின நாள்தான் வந்திருந்தது, அந்தத் தைரியம். வண்டிக் கம்பெனியே செய்ததல்ல, வெளியில் யாரோ செய்து விற்பது. இருக்கட்டுமே! வீடியோ பார்த்துப் பார்த்துக் கண்ணே வீங்கியிருந்தது.

கழற்றிய ஒவ்வொன்றையும் அஞ்சறைப்பெட்டியில் போட்டேன். புதுப் பம்பை வைத்து, பெட்டியில் ஒரு வாஷர்கூட மிஞ்சாமல் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். பெருமையில் இடுப்பு வலிகூடத் தெரியவில்லை. சாவியைத் திருப்பினேன்.

டர்ர்ர்ர்!

விசிறி ரேடியேட்டரை உரசியது. தெருநாய் எழுந்து ஓடியது. சட்டென்று அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், பெல்ட்டும் கோணல். காபியோடு நின்ற கணவர் மணி பார்த்தார்.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, பம்பைப் பழையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். புதியதில் விசிறி மாட்டும் மூக்கு ஒரு விரல் தடிமன் நீளம்! வந்த ஆத்திரத்தில் போனை எடுத்து, 'அளவே தெரியாதவர்கள் செய்தது' என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் குத்தினேன். இரண்டு பம்பையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிழக்குத் தாம்பரம் பறந்தேன். அங்கே ஒரு லேத் பட்டறை. வெள்ளிதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். பட்டறைக்காரருக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவாக இருக்கும்.

"பாய், இந்த மூக்கை ஒரு விரல் அளவு வெட்டிக் குடுங்க. அவசரம்."

"வெட்றது இன்னாக்கா, ரெண்டு நிமிசம். வண்டி எங்க கீது?"

"வீட்ல. வண்டி எதுக்கு? பழசுதான் இருக்கே, அதை வச்சு அளவெடுங்க."

"வண்டியப் பாக்காம இரும்புல கை வைக்க மாட்டேன். வெட்னா ஒட்டாதுக்கா."

கெஞ்சினேன். கோபித்தேன். மனிதர் மசியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தன் பைக்கில் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

வீட்டில் அவர் என்ஜினைப் பார்ப்பதற்கு முன் அஞ்சறைப்பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்து விரல் தடிமனில் ஓர் இரும்பு வளையத்தை எடுத்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"பழைய பம்புக்கும் விசிறி மாட்டற புல்லிக்கும் நடுவுல."

"புதுசுலயும் போட்டீங்களா?"

"கழட்டினதை எல்லாம் திரும்ப மாட்டணும்ல?"

பாய் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "யக்கா, பழைய பம்பு குட்டை. எவனோ அவனுக்கு ஸ்டூல் போட்டு ஏத்தி வுட்டுகிறான். இப்ப வந்தவன் நெட்டை. அவனையும் ஸ்டூல் மேல ஏத்துனா தலை இடிக்காதா?"

கணவர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். எனக்கு முதலில் முகம் சுட்டது, பிறகு நானும் சிரித்துவிட்டேன். வெட்டியிருந்தால்? நல்ல பம்ப் ஒன்று என் அவசரத்துக்குப் பலியாகியிருக்கும்.

வளையமில்லாமல் மாட்டினார். பெல்ட் நேராக நின்றது. "சப்பாத்தி மாவு கீதா?" என்றார். கொடுத்தேன். ஓர் உருண்டையை ரேடியேட்டரில் ஒட்டி, விசிறியைக் கையால் சுற்றினார். இறக்கை மாவை வழித்துப் போனது. மிஞ்சிய மாவில் விரலை வைத்து அளந்தார்.

"ஒரு விரல் இடைவெளி. போதும். இந்த மாவ மட்டும் சுட்றாதீங்க."

அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கையில் நான் ஓரமாகப் போய், அந்த ஒற்றை நட்சத்திரத்தை அழித்தேன்.

வண்டி கிளம்பியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! பெரிய பாத்திரத்தில் பால் மெல்லக் கொதிப்பதுபோல, அடக்கமான ஒரு குமுறல். பக்கத்தில் பாய், பின்னால் காபிக் கறையோடு கணவர். சிட்லபாக்கம் ஏரி வரை போனோம். ஏரிக்காற்று நாலு ஜன்னலிலும் புகுந்து விளையாடியது. சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டவே இல்லை. "ஹாரன் அடி, ஹாரன் அடி" என்று குழந்தைபோல நச்சரித்தது வேறு யாருமில்லை, வண்டியை விற்கப் பார்த்தவர்தான்.

திரும்பி வந்தபோது வாங்க வந்தவர் கேட்டருகே காத்திருந்தார். கணவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க சார், இது விக்கிற வண்டி இல்ல."

"நீங்கதானே சார் போன் பண்ணீங்க?"

"அப்போ நான் இதுல உக்காரலையே!"

இன்றும் ஒரு பொருளையோ ஒரு மனிதரையோ 'நமக்குப் பொருந்தாது' என்று வெட்டிவிடக் கை பரபரக்கும்போது, நடுவில் நானாக எதையாவது வைத்திருக்கிறேனா என்று ஒருமுறை குனிந்து பார்க்கிறேன். பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது.