அரை மாலைக்கு ஒரு நிமிஷம்

தாப்பாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம். என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், எங்களோடு தொழிலாளர் லயத்தில் ஒரே வீட்டில் இருந்தார். அந்த மழைக்காலத்தில் அவருக்கு நிமோனியா கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் குளிர்காய்ச்சல்காரர்கள். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசர் ஐயா வீட்டுக்கே வந்து மருந்து கொடுத்தார். தலைமாட்டில் நெல்லுமூட்டை போல் துணிகளைக் கட்டி வைத்து, மச்சானைச் சாய்த்து உட்கார வைத்தார்.

பிறகு என்னையும் மனைவியையும் வாசலுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "இந்த நோய் திடீர்னு முத்திடும். ஒரு நிமிஷத்துக்கு மூச்சு நாப்பதைத் தாண்டுதா, மூக்கு விடைக்குதா, உதடு கறுக்குதா, பேச்சு மாறுதா, பாருங்க. நாலுல ஒண்ணு வந்தாலும் எனக்கு ஆள் அனுப்புங்க. மத்த மூணும் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க. எண்ணுறது அவனுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா மூச்சை மாத்தி விடுவான்."

"நிமிஷத்துக்கு நான் எங்க போவேன் ஐயா?" என்றேன். எங்கள் லயத்தில் காலையில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணிதான் கடிகாரம்.

அவர் என் கழுத்து ருத்திராட்சத்தைப் பார்த்தார். "உன் மந்திரத்தைச் சொல்லு." நான் வழக்கம்போல் சரவணபவ சொல்லி மணியை உருட்டினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நிமிஷம் முடிந்தபோது சரியாக அரை மாலை, ஐம்பத்து நாலு. "போதும். அரை மாலைதான் உன் நிமிஷம்" என்று போய்விட்டார். முருகனே எனக்கு வேலை கொடுத்த மாதிரி இருந்தது.

நான் மாலை உருட்ட, என் மனைவி மச்சானின் வயிற்றைப் பார்த்து, மூச்சுக்கு ஒரு புளியங்கொட்டையைச் சிரட்டையில் போடுவாள். நான் கை காட்டினால் நிறுத்துவாள். முதல் தடவை முப்பத்தாறு கொட்டை.

"என்ன, ரெண்டு பேரும் தாயம் விளையாடுறீங்களா? நான் இங்க சாகுறேன்" என்றார் மச்சான். "உன் புருசனுக்கு மரத்துல கோடு போடவும் தெரியாது, மாலை உருட்டவும் தெரியாது."

மறுநாள் காலையில் காய்ச்சல் ஏறியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. உருகி உருகி மந்திரம் சொன்னேன். கொட்டை முப்பதுதான். மத்தியானம் அதைவிட உருகினேன். இருபத்தாறு. மரத்தடிச் சாமிக்கு ஓடிப்போய் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வந்தேன்.

வந்தால், மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, நீங்க ரொம்ப நல்லவரு. உங்க கை ராசியான கை." எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை.

மனைவி மட்டும் முகம் வெளுத்து நின்றாள். "அண்ணன் உங்கள நீங்கன்னு சொல்லுது. புத்தி தடுமாறுது."

"நல்லது சொன்னா உனக்குப் பொறுக்காதே. கொட்டையைப் பாரு, இருபத்தாறு."

"கொட்டையை நீங்களே பாருங்க. நான் அண்ணனோட மூக்கைப் பார்த்துட்டேன்" என்று, மழையில் நனைந்தபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டிரெசர் ஐயா வந்து கடிகாரத்தை வைத்து எண்ணினார். ஐம்பதுக்கு மேல். என் பக்கம் திரும்பி, "மந்திரத்தைச் சொல்லு பார்ப்போம்" என்றார். சொன்னேன். அரை மாலை முடிந்தபோது அவர் கடிகாரத்தில் பாதி நிமிஷம் மிச்சம் இருந்தது. பயத்தில் நான் மந்திரத்தை ஓட்டியிருக்கிறேன். மூச்சு ஏற ஏற, என் நிமிஷம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

"என்னப்பா, உன் முருகன் மயிலை விட்டுட்டு ரயில்ல ஏறிட்டாரா?" என்றார். சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் குணமாகிக்கொண்டிருந்த ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்பச் சொல்லிவிட்டு, நாலு பேரைக் கொண்டு மச்சானை அங்கே தூக்கிப் போனார். சன்னலைத் திறந்து வைத்து, நெஞ்சில் பற்றுப் போட்டு, ஸ்பூனில் பிராந்தி கொடுத்தார். புத்தி தடுமாறிய அந்த நிலையிலும் மச்சான் ஒரு சொட்டைக் கீழே விடவில்லை.

கடிகாரம் என் மனைவி கைக்குப் போனது. வினாடி முள் ஒரு சுற்று வருவதை அவளுக்குக் காட்டினார். என்னிடம், "நீ கும்பிடு. எண்ணாதே" என்றார். எனக்கு அவமானம்தான். ஆனால் என் பக்தியால் ஒரு மனுசன் சாகப் பார்த்தார் என்ற நினைப்பு அதைவிடப் பெரிதாக உட்கார்ந்திருந்தது. கட்டிலின் கால்மாட்டிலேயே மூன்று நாள் கிடந்தேன்.

காய்ச்சல் கண்ட ஏழாம் நாள் விடிந்தபோது படுக்கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறதென்று நான் மேலே பார்த்தேன்.

"அங்க என்ன பார்க்கிறீங்க? அண்ணனுக்கு வேர்த்திருக்கு" என்றாள் மனைவி. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். இருபத்திரண்டு. நம்பாமல் மறுபடி எண்ணினாள். அதே இருபத்திரண்டு. "துடைக்க உலர்ந்த துணி குடுங்க."

வீட்டிலிருந்து கொண்டுவந்த பையில் உலர்ந்ததாக இருந்தது, பூசைக்கென்று மடித்து வைத்திருந்த என் வேட்டி ஒன்றுதான். அதை எடுத்து, மச்சானின் முகத்தையும் முதுகையும் நானே துடைத்தேன்.