மூன்று மொழியில் ஒரு போத்தல் பாணி

என் கணவருக்குச் சீனி வருத்தம். தேநீருக்குச் சீனி போடுவதை விட்டு ஆறு வருடமாகிறது. அதில் அவருக்குப் பெரிய பெருமை. ஆனால் பின்னேரத்தில் கிண்ணியாத் தயிர்ச் சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, தயிர் கண்ணில் படாமல் மறையும்வரை கித்துள் பாணியை ஊற்றுவார். கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கிற பாணி மருந்து மாதிரி, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்பது அவருடைய கட்சி. போத்தலும் அவர் கட்சிதான். ஒரு பெரிய மரத்தின் படம், அதன் கீழே தமிழில், "தூய இயற்கைக் கித்துள் பாணி. சீனி சேர்க்கப்படாதது."

போன வருடம் கிளினிக்கில் அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டொக்டர், "ஐயா, நீங்கள் என்னதான் சாப்பிடுறனீங்கள்?" என்று கேட்டார்.

இவர் நெஞ்சை நிமிர்த்தி, "நான் இயற்கையானதுதான் சாப்பிடுறனான், டொக்டர்" என்றார்.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குசினியில் அந்தப் போத்தலை எடுத்து முதல்தரமாக முழுதாக வாசித்தேன். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் மொழிபெயர்ப்பாளர். நாள் முழுக்கச் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் தமிழாக்கிவிட்டு வருகிறவள், சொந்தக் குசினியில் ஒரு போத்தலைத் திருப்பிப் பார்த்ததில்லை. சிங்களத்தில் 'கித்துள் சுவையூட்டிய பாணி' என்று இருந்தது. ஆங்கிலத்திலும் அதேதான். பின்பக்கம் பொடி எழுத்தில் சீனி, தண்ணீர், நிறமூட்டி, சுவையூட்டி. தமிழில் மட்டும்தான் தூய்மை, இயற்கை எல்லாம். இந்த நாட்டில் தமிழுக்கு மட்டும் கூடுதலாகக் கிடைக்கிற ஒன்றை அன்றைக்குத்தான் கண்டேன்.

பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை முகப்பில் உள்ள கடையில் வாங்கியது அது. போய்க் கேட்டேன். "நான் விக்கிறவன் மிஸ், காய்ச்சுறவன் இல்ல" என்றார் கடைக்காரர். பிறகு என்ன நினைத்தாரோ, கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, திகதி போட்டுப் பில் எழுதித் தந்தார். "கொண்டு போங்க. எங்கட உம்மாவுக்கும் சீனி. அவவும் இதைத்தான் ஊத்துறா."

கம்பனிக்கு ரெலிபோன் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை மிகவும் இனிமையாக, "அது அச்சுப்பிழை, மிஸ்" என்றாள்.

"பிழையா பிள்ளை? பிழை விடுறவை ஒருக்காலாவது 'தூய சீனி' எண்டு விட்டிருக்கலாமே?"

அடுத்த கிழமை ஒரு பெட்டி வந்தது. உள்ளே அதே பாணி, பன்னிரண்டு போத்தல், அன்பளிப்பு என்ற கடிதத்தோடு. என் கணவர் அதைத் தூக்கிய வேகத்தைப் பார்த்தால் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றுதான் சொல்வீர்கள். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பாவனையாளர் முறைப்பாடுகளை விசாரிக்கிற கந்தோருக்கு எழுதினேன்.

விசாரணை நாளில் கம்பனி கொழும்பிலிருந்து ஒரு சட்டத்தரணியை அனுப்பியிருந்தது. விசாரித்த அதிகாரி அம்மாவுக்கும் சட்டத்தரணிக்கும் தமிழ் தெரியாது. அந்தக் கந்தோர் மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு லீவு. "வேறு நாளுக்குத் தவணை போடவா, இல்லாவிட்டால் நீங்களே மொழிபெயர்க்கிறீர்களா?" என்று அம்மா சிங்களத்தில் என்னைக் கேட்டார். சட்டத்தரணி மணிக்கூட்டைப் பார்த்தார். பின்னேர ரயிலைப் பிடிக்க வேண்டும் போல. "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

அவருடைய வாதம் அழகானது. "இயற்கை என்றால் என்ன? சீனி கரும்பிலிருந்து வருகிறது. கரும்பு இயற்கைதானே?"

"சீனக்குடாத் தாங்கிகளில் கிடக்கிற எண்ணெயும் நிலத்துக்கு அடியிலிருந்துதான் வருகிறது" என்றேன். "அதையும் தயிருக்கு ஊற்றலாமா?"

அம்மா குனிந்து எதையோ எழுதினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு என் கணவரின் முறை. ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "தமிழில இயற்கை எண்டு போட்டிருந்தது, அதுதான்" என்று சரியாகச் சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம். ருசி எப்படி என்று சட்டத்தரணி கேட்டார். நான் கேள்வியைத் தமிழில் சொன்னதும் மனுசனின் முகம் மலர்ந்துவிட்டது.

"சொல்லி வேலையில்லை. உண்மையான கித்துளைவிட இதுதான் திறம். மனிசி இந்தப் பிரச்சினையைக் கிளப்பாட்டில் நான் இண்டைக்கும் வாங்கியிருப்பன்."

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பாதியை விழுங்கியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. காது இரண்டும் சுட்டது. வீட்டுக்குப் போய் இவரை என்ன செய்யலாம் என்று யோசித்தபடியே, ஒரு சொல் விடாமல், 'மனிசி' உட்பட, எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். சட்டத்தரணி கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

அடுத்ததாகப் போத்தலின் தமிழ் வரியை வாசித்து மொழிபெயர்த்தேன். சட்டத்தரணி உடனே நிமிர்ந்தார். "முறைப்பாட்டுக்காரியின் மொழிபெயர்ப்பை எப்படி நம்புவது?"

அம்மா பேனையைக் கீழே வைத்தார். "தன் வழக்கையே கெடுக்கிற பேச்சை அப்படியே சொன்னவர், போத்தலில் இருப்பதை மாற்றியா சொல்லப் போகிறார்?"

அதற்குப் பிறகு அதிக நேரம் எடுக்கவில்லை. அந்தப் போத்தல்களைக் கடைகளிலிருந்து எடுக்க வேண்டும், தமிழ் வரியைத் திருத்த வேண்டும் என்று முடிவாகியது. என்னைக் காப்பாற்றியது தான்தான் என்று என் கணவர் இன்றுவரை எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார். பொய் என்று சொல்லவும் எனக்கு ஏலாது.

திருத்திய போத்தல் இப்போது எங்கள் கடையில் இருக்கிறது. தமிழ் சரிதான். ஆனால் எறும்பு கண்ணாடி போட்டுத்தான் அதை வாசிக்க வேண்டும். மரம் முந்தியதைவிடப் பெரிது.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கம்பனியிலிருந்தே ரெலிபோன் கோல் வந்தது. தங்கள் மற்றச் சாமான்களின் தமிழையும் நான் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். அனுப்பச் சொன்னேன். முதலில் வந்தது மாம்பழப் பானம். சேர்மானத்தை இரண்டுதரம் வாசித்துவிட்டு ரெலிபோன் எடுத்தேன்.

"தம்பி, இதில மாம்பழம் எங்க?"

"படத்தில இருக்கு, மிஸ்."

'மாம்பழப் படம் ஒட்டிய, மஞ்சள் நிறமூட்டிய சீனித் தண்ணீர்' என்று எழுதி, சீல் குத்தி அனுப்பினேன். இரண்டாவது சாமானை அவர்கள் வேறு ஆரிடமோ கொடுத்துவிட்டார்கள்.