தலை அலசிய ஆண்டுகள்

ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றிய ஆண்டுகளை வயதிலிருந்து கழித்துக்கொண்டு, ஒருவரை முழுநேர ஆய்வு மாணவராகச் சேர்க்கலாம். எங்கள் பல்கலைக்கழக விதியை இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. எழுத்தராகச் சேர்ந்து உதவிப் பதிவாளராக ஓய்வு பெறும்வரை அந்த விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். தெளிவான விதிக்குத்தான் விளக்கம் கேட்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

என் வீட்டு மேசை விளக்கில் ஒரு ஷாம்பூச் சரம் தொங்குகிறது. பெட்டிக்கடை வாசலில் தொங்குமே, அதே சரம்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நரம்பியல் துறையின் திட்ட உதவியாளரை நினைத்துக்கொள்வேன். கடம்பத்தூரிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோன பெண். அப்பா காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். இரவு ஷிப்ட் செய்பவர்களின் நினைவாற்றலைப் பற்றிய ஆய்வு அது. கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் முகாம் போட்டு, தொழிலாளர்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். வந்தவர்களோ, பெரிய டாக்டர்கள் பார்க்கப்போகிறார்களே என்று, வழிய வழிய எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்தார்கள். பிசுக்கில் மின்முனை ஒட்டாது. வரைபடத்தில் கிறுக்கல்தான் விழும். முதல் முகாமில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் மறுபடி வருவார்களா? அடுத்த முகாமில் உதவியாளர் வாளியும் ஷாம்பூச் சரமுமாக வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

ஷாம்பூ ரசீதுக்குத் தணிக்கையில் ஆட்சேபம் வந்தது. பதில் எழுதுமுன் நேரில் பார்த்துவிடலாமென்று காக்களூர் முகாமுக்குப் போனேன். தலை நிறைய மல்லிகையோடு ஒரு நடுவயதுப் பெண் நாற்காலியில் முறைத்துக்கொண்டிருந்தார்.

"தலய பாக்கறாங்கன்னு நீதான சொன்ன? எண்ண வெக்காம பரட்டையா வந்தா, ஊட்ல நாதி இல்லியான்னு கேக்கமாட்டாங்களா?"

"கேப்பாங்கக்கா. ஒரே ஒரு வாட்டி அலசிக்கலாம். பூவ சார் பத்திரமா வெச்சுக்கினு இருப்பாரு."

பூ என் கைக்கு வந்தது. உதவிப் பதிவாளராக நான் ஏற்ற பொறுப்புகளில் மணமாக இருந்தது அது ஒன்றுதான்.

ஆட்சேபம் ஒருவழியாக அடங்கியது. பிறகு அதே துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஓர் இடம் காலியானது. உதவியாளர் ஆசைப்பட்டது அந்த இடத்துக்குத்தான். வயது வரம்பைத் தாண்டியிருந்தார். திட்டத்தில் உழைத்த ஆண்டுகளைக் கழித்தால் உள்ளே வந்துவிடுவார். ஆனால் கல்விப் பிரிவு அந்த ரசீதைத் தோண்டியெடுத்து, தொழிலாளர்களுக்குத் தலை அலசுவது ஆய்வுப் பணியாகுமா என்று கேட்டது. அலசாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் ஆய்வு இல்லை என்று எழுதினேன். துறைத் தலைவரும் எழுதினார். கோப்பு விளக்கம் கேட்டு மேலே போனது. பணியில் இருந்தபோது நினைவூட்டல் அனுப்பினேன். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கதோஷத்தில் அனுப்பினேன். இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

அவர் வெளிமாநிலத்தில், வயதைக் கேட்காத ஆய்வு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். விடைபெற வீட்டுக்கு வந்தபோது, மிச்சமிருந்த சரத்தை என்னிடம் கொடுத்தார்.

"புராஜெக்ட் சொத்து சார், நீங்களே வெச்சுக்கோங்க. இவங்க பதிலுக்கு காத்துக்கினு இருந்தா, என் மறதியத்தான் நான் ஆராய்ச்சி பண்ணணும்."

அங்கே பட்டம் பெற்று, எங்கள் நரம்பியல் துறைக்கே உதவிப் பேராசிரியராகத் திரும்பி வந்தார். ஆய்வு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இப்போது அவரும் ஒருவர். அவருடைய முகாம்களில் வாளி முதலில் இறங்குகிறதாம்.

அண்மையில், என் நினைவூட்டல்களுக்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஓர் உறை வந்தது. திட்ட உதவியாளரின் பணி ஆண்டுகளைக் கழித்துக்கொண்டு அவரை ஆய்வு மாணவராகச் சேர்க்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். அவரிடமே தொலைபேசியில் படித்துக் காட்டினேன். வெகுநேரம் சிரித்தார்.

"சேந்துக்கட்டுமா சார்? கைடா நானே இருந்துக்கறேன்."

கடிதத்தை மடித்து ஷாம்பூச் சரத்திலேயே செருகி வைத்திருக்கிறேன். படிப்பைத் தொடங்க நல்ல நாள் என்று ஒன்று உண்டே, அதையும் மயிரிழையில் தவறவிட்டு, அது வந்து சேர்ந்தது விஜயதசமிக்கு மறுநாள்.