தட்டிவிட்டுப் படமெடுப்பவர்

ஆள்காட்டி விரலை மடக்கி, கணுவால் இரண்டு தட்டு. பிறகு காதைச் சாய்த்து ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார் எவரிஸ்தோ வில்கா. மேசைமேல் இருப்பது ஒரு முட்டைக்கோஸ். அதனிடமிருந்து பதில் வரப்போவதில்லை. ஆனாலும் அவர் நிற்கிற தோரணையைப் பார்த்தால், உள்ளே யாரோ செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். அதற்குப் பிறகுதான் தடுப்புக்குப் பின்னால் போய் எக்ஸ்ரே பொத்தானை அழுத்துவார்.

"என்ன சொல்லுது கோஸ்? உள்ள வரலாமாமா?" வாசலில் நின்று கேட்டான் ரொட்டிக்கடை சபீனோ. "ஒருவேள துணி மாத்துதோ என்னவோ..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். எவரிஸ்தோவின் காது மடல்கள் சிவந்துவிட்டன. ஐம்பத்தாறு வயது மனிதருக்குக் காது இப்படிச் சிவக்கும் என்பதை மலை நகரமான அயகூச்சோவில் எல்லோரும் நான்கு வருடமாகப் பார்த்து வருகிறார்கள்.

பகலில் அவருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வேலை. ஒருமுறை மணிக்கட்டு முறிந்து வந்த பூக்காரி ஒருத்தி, கையிலிருந்த லில்லிப் பூவை விட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். "பூவோடயே எடு சாமி, வலிக்குது." படம் கழுவி வந்தபோது, எலும்பு விரல்கள் ஒரு புகையைப் பிடித்துக்கொண்டிருந்தன. எவரிஸ்தோ அன்று மதியம் சாப்பிடவில்லை. மூடிப்போன கால்நடை மருத்துவமனை ஒன்றிலிருந்து பழைய இயந்திரத்தை வாங்கி, வீட்டின் பின்னறையில் நிறுத்தி, சுவருக்கு ஈயத்தகடு அடித்தார். சோளக்கதிர், சராங்கோ வாத்தியம், கல்லறைத் திருநாளுக்குச் சுடுகிற குழந்தை உருவ ரொட்டி என்று எல்லாவற்றின் உள்ளும் அவருடைய படங்களில் ஒரு வெளிச்சம் இருந்தது. தலைநகர் லிமாவிலிருந்து கண்காட்சிக்காரர்கள் வந்தார்கள். "மேல்தோலத்தான் எல்லாரும் பாக்கறாங்க. நான் உள்ள பாக்கறவன்" என்று அப்போதெல்லாம் மார்தட்டுவார். அப்போது அவர் எதையும் தட்டிக் கேட்டதில்லை.

பிறகு வியாகுல மாதாவின் மரக்கைக்குள் பூச்சி விழுந்தது.

மேட்டுத்தெருக் கோயிலின் அந்தச் சுரூபத்துக்கு உடை மாற்றுவது ஐந்து பெண்களின் உரிமை. கதவைச் சாத்துவார்கள். பங்குச்சாமியார்கூட வெளியே போய்விட வேண்டும். ஐவருக்கும் மூத்தவள் லுதோவினா, எவரிஸ்தோவின் ஞானத்தாய். முப்பத்தெட்டு வருடமாக அவள் இமையைப் பாதி மூடிக்கொண்டு, கைத்தடவலிலேயே உள்பாவாடைகளைக் கட்டுவாள். பூச்சி எவ்வளவு தூரம் அரித்திருக்கிறது என்று பார்க்கச் சாமியார் எவரிஸ்தோவைக் கூப்பிட்டபோது, பெண்கள் சம்மதிக்கவில்லை.

"ஒரு ஊசியக்கூட எடுக்க வேணாம்மா. துணியோடயே எடுத்துடுவேன்" என்றார் எவரிஸ்தோ.

"துணியக் கழட்ட மாட்டியே?" என்றாள் லுதோவினா.

"சத்தியமா மாட்டேன்."

கைக்கு இரண்டு படம் போதும். அவர் இருபது எடுத்தார். தலையிலிருந்து பாதம்வரை, துண்டு துண்டாக. இருட்டறையில் அவற்றை ஒட்டிப் பார்த்தபோது, வெல்வெட் ஆடை முழுக்கக் காணாமல் போயிருந்தது. வெள்ளிச் சரிகை மட்டும் பனித்தூசிபோல் மிதந்தது. அதற்கு நடுவே ஒரு முகம், இரண்டு கைகள். மார்பும் வயிறும் இருக்க வேண்டிய இடத்தில் நாலு சட்டங்களும் ஆணிகளும். அவ்வளவுதான் மாதா. தன் வாழ்நாளில் இதைவிட அழகான ஒன்றை எடுக்க முடியாது என்று எவரிஸ்தோவுக்குத் தெரிந்தது. லிமாவுக்கு அனுப்பினார். பரிசு கிடைத்தது. பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகை அயகூச்சோ சந்தையில் மிளகாய் மடிக்க வந்தது.

லுதோவினா கத்தவில்லை. பத்திரிகைத் தாளை நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"கழட்ட மாட்டேன்னுதான சொன்ன. கழட்டல. சரிதான்டா."

மறுநாள் மாதாவின் துணிப்பெட்டிச் சாவியைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டாள். "ஊரே பாத்தாச்சு. இனி நான் எத மூட?" அந்த வருடத்திலிருந்து கல்லறைத் திருநாளுக்கு அவள் வீட்டிலிருந்து எவரிஸ்தோவுக்கு ரொட்டி வருவதும் நின்றது.

பரிசுத் தகட்டை அவர் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். விற்ற மூன்று பிரதிகளில் இரண்டைக் கெஞ்சி வாங்கிக் கிழித்தார். மூன்றாவது, தலைநகரில் ஏதோ ஒரு கம்பெனியின் வரவேற்புக் கூடத்தில் தொங்குகிறது. அதைத் தரமாட்டார்களாம். ஒருமுறை பத்து மணிநேரம் பஸ்ஸில் போய், அதற்கு எதிரே முதுகைக் காட்டி நின்றார். தொப்பியை மார்போடு அணைத்து, முடிந்தவரை அகலமாக. ஒரு மணிநேரம் கழித்துக் காவலாளி வந்து, "யாரையாவது பாக்கணுமா பெரியவரே?" என்று கேட்டான். "இல்ல தம்பி. யாரும் பாக்கக்கூடாதுன்னுதான்" என்று வாய்வரை வந்ததைச் சொல்லாமல் வெளியே வந்தார். திரும்பி வந்த நாளிலிருந்துதான் இந்தத் தட்டல்.

போன தவக்காலத்தில் அவர் தன் ஈய ஏப்ரனைத் துடைத்து எடுத்தார். எக்ஸ்ரே ஊடுருவாதபடி உள்ளே ஈயம் வைத்துத் தைத்தது. இந்த அறையில் பத்து வருடமாக அவர் நெஞ்சைக் காத்தது. கனக்கும். அதை மடித்து எடுத்துப்போய், லுதோவினாவின் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, படியில் வைத்துவிட்டு, மூலைவரை வேகமாக நடந்து, அதற்கப்புறம் ஓடியே போனார்.

பத்து நாளில் மாதா பவனி. மூன்று வருடமாகச் சப்பரத்தைத் தொடாமல் ஓரமாகவே நடந்தவரை, "எத்தன வருசம்யா சுவர ஒட்டியே நடப்ப?" என்று சபீனோ இழுத்து முன்கொம்பில் தள்ளினான். வழக்கமாகத் திருப்பங்களில் மாதா லேசாக ஆடுவாள். அன்று ஆடவேயில்லை.

"முன்னால சாயுறாப்பா, என்னாச்சு இவளுக்கு?" என்றது ஒரு குரல்.

"மெழுகுவர்த்தி அதிகமா வச்சுட்டானுங்க. எவரிஸ்தோ அண்ணே, கனக்குதா? மாத்திக்கலாமா?"

எவரிஸ்தோ நிமிர்ந்து பார்க்கவில்லை. கொம்பைக் கழுத்துப் பக்கமாக இன்னும் ஒரு விரற்கடை நகர்த்திக்கொண்டார்.

உடுத்துகிற ஐவரில் சபீனோவின் மனைவி ஒலிம்பியாவும் ஒருத்தி. பல மாதம் கழித்து, ரொட்டி எடைபோட்டுக்கொண்டே அவள் சொல்லித்தான் மீதி தெரிந்தது. பவனிக்கு முந்தைய நாள் லுதோவினா வந்து சாவியைத் திரும்ப வாங்கினாளாம். மூன்று உள்பாவாடைக்கும் அடியில் ஏப்ரனை வைத்து, பின்புறம் நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கினாளாம், வழக்கம்போல் இமையைப் பாதி மூடிக்கொண்டு.

"ரெண்டு தட்டு தட்டிட்டு ஓடிட்டான், மடப்பய" என்றாளாம் முடிச்சிலிருந்து கையை எடுக்காமல். "செருப்பப் போட்டுட்டு வர்றதுக்குள்ள தெருவுல ஆளக் காணோம்."