மூன்றாவது தோட்டாவைச் சுடாதவர்

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் செயலியின் புதிய பதிப்பை அமுதா அக்காவுக்கு அனுப்பிவிட்டு, "பார்த்துட்டுச் சொல்லுங்கக்கா" என்று ஒரு செய்தியும் போட்டேன். சற்று நேரத்தில் அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய தம்பி. "அக்காவுக்கு ராத்திரி நெஞ்சு வலி வந்துச்சிம்மா. விழுப்புரம் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு போட்டிகளில் சுட்டவர்கள். காவல்துறை வேலையை விட்டுச் செஞ்சிக்குத் திரும்பிய பிறகு அவர் என்ன செய்தார் என்பது சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தொலைதூர இலக்கைச் சுடுபவர்களுக்காக நாங்கள் ஒரு செயலி செய்கிறோம். தூரம், காற்று, வெப்பம், தோட்டாவின் வேகம் ஆகியவற்றைக் கொடுத்தால், குறியை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அது சொல்லும். நான் எழுதுவேன், அக்கா சுட்டுப் பார்ப்பார். எங்களுக்குள் சண்டை ஓயாது. விடையில் தசமப் புள்ளிக்குப் பின் நீண்ட இலக்கங்களைப் பார்த்து, "இன்னாடி, தங்கமா நிறுக்கிற?" என்றார் ஒருமுறை.

"கணக்கு அப்படித்தான் வருதுக்கா."

"காத்து அப்படி வராதுடி."

போன கோடையில் ஒரு சுடுவோர் சங்கம் தன் உறுப்பினர் அனைவருக்கும் செயலியை வாங்க முன்வந்தது. அது கைவிட்டுப் போனால் நிறுவனத்தை மூடிவிடுவதாக எங்கள் முதலாளி சொல்லியிருந்தார். அக்காவின் வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

வல்லம் பக்கம், அனுமதி பெற்ற ஒரு திடலில் செயல்விளக்கம். வந்தவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று இலக்குப் பலகையை, தோட்டாவைத் தடுக்கும் மண்மேட்டின் உச்சியை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். மேட்டுக்குப் பின்னால் வேர்க்கடலை நிலம். மதியம் வரை அங்கே யாரும் வருவதில்லை என்று பேச்சு. சங்கத்தார் தாமதமாக வந்ததால் மதியம் தாண்டிவிட்டது.

செயலி சொன்னபடி அக்கா சுட்டார். முதல் தோட்டா பலகையின் மேல் விளிம்பில் பட்டது. இரண்டாவது பலகைக்கும் மேலே, மேட்டின் விளிம்பில் புழுதியைக் கிளப்பியது. முதலாளி என் காதருகே குனிந்தார். "செயலியில வேகத்தைக் கொஞ்சம் ஏத்திப் போடும்மா. குறி இறங்கிடும், அடிச்சிடும்."

அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. மூன்றாவது தோட்டாவைத் துப்பாக்கியிலிருந்து வெளியே எடுத்தார்.

"மொதலுக்கு ஏத்த வேகம் ஒரு நம்பரு, ரெண்டாவதுக்கு வேற நம்பரு. மூணாவதுக்கு எதைப் போடுவீங்க சார்? ஏன் ஏறுதுன்னு எனக்குத் தெரியல. பின்னால மல்லாட்ட புடுங்க ஆளு வந்திருக்கும்."

சங்கத்தாரில் ஒருவர் சிரித்தார். "இன்னாம்மா, போலீசா இருந்துட்டுப் பயப்படறே?"

"ஆமா சார், பயந்தான். போலீசா இருந்ததாலதான்."

அவர்கள் காரில் ஏறிப் போனார்கள். முதலாளி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நானும் அக்காவும் மேட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தோம். நான்கு பெண்கள் குனிந்து கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து, "முடிஞ்சிதா உங்க வெடி?" என்று கேட்டார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தேன். சங்கத்தாருக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் தோட்டாப் பெட்டி வெயிலில், பாறைமேல் திறந்து கிடந்தது. மருந்து சூடேறினால் தோட்டா வேகமாகப் போகும். அதிக வெயில் பட்டது இன்னும் வேகமாக. செயலியோ காலையில் அளந்த வேகத்தையே நம்பியிருந்தது. பெருமையோடு அக்காவிடம் போய்ச் சொன்னேன். "கண்டுபிடிச்சிட்ட, சரி. கண்டுபிடிக்கிற வரைக்கும் இது இன்னா சொல்லும்?" என்று செயலியைக் காட்டிக் கேட்டார்.

சங்கம் வேறு செயலியை வாங்கியது. நிறுவனம் மூடப்படவில்லை, ஆனால் இருவர் விலகினார்கள், அக்காவும் நானும் பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்தோம். இப்போது கணக்கும் தோட்டா பட்ட இடமும் ஒத்துவராவிட்டால், திரையில் எண் எதுவும் வராது. "தெரியவில்லை. சுட வேண்டாம்" என்று மட்டும் வரும். வாங்க வருபவர்கள் முகம் சுளிக்கிறார்கள், ஏதாவது ஓர் எண்ணையாவது காட்டுங்கள் என்கிறார்கள். முதலாளியும் அதை எடுத்துவிடச் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வரியைத்தான். நான் இங்கே இருக்கும்வரை அதை எடுக்கமாட்டேன்.