கூலன்டில் உப்பு

அச்சுவேலியில் உழவு இயந்திரங்களும் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களும் திருத்துபவன் நான். கடலுக்குப் போனதில்லை, கட்டி நிற்கும் படகு ஆடினாலே எனக்கு வயிற்றைப் பிரட்டும். ஆனாலும் மயிலிட்டித் துறையில் நிற்கும் அத்தானின் மீன்பிடிப் படகு எஞ்சினை நான்தான் பார்த்து வந்தேன். அக்காவின் புருஷனுக்கு எப்படி இல்லையென்று சொல்வது? அதோடு, எஞ்சின் என்றால் எல்லாம் எஞ்சின்தானே என்ற திமிரும் எனக்கு இருந்தது.

போன வருடம் அதில், எஞ்சினை ஆற்றும் பச்சைத் தண்ணீரான கூலன்ட் குறையத் தொடங்கியது. மூன்று நாள் கடலில் ஓடிவிட்டு வந்தால் தாங்கியில் இரண்டு விரல் இறங்கியிருக்கும். பிறகு நாலு விரல். ஒழுக்கு மட்டும் எங்கேயும் இல்லை. குழாய், கிளிப், தண்ணீர்ப் பம்ப் எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் கையால் தடவிப் பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் கடதாசி விரித்தேன். அது காய்ந்தே கிடந்தது. படகு வெளிக்கிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. நடுக்கடலில் எஞ்சின் சூடேறி நின்றால் காற்று படகை இந்திய எல்லைக்குள் தள்ளிவிடும், பிறகு அங்கே சிறையில் மறியல்தான். அத்தானின் போனுக்கு மறுபடி சிக்னல் கிடைக்கும்வரை நான் என் கடையில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்துகொண்டிருப்பேன்.

ஒருநாள் மத்தியானம், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மூடியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

கடலில் ஓடும்போது அந்த எஞ்சினைக் கவனித்தவர் அத்தானுடன் பல வருடங்கள் ஓடியவர். என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். குறைந்தால் ஊற்றச் சொல்லி கூலன்ட் கானை அவரிடம்தான் கொடுத்திருந்தேன். துறையில் பத்துப் பதினைந்து பேர் வலை மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் நேரே அவரிடம் போனேன்.

"அண்ணை, கான் தூக்கப் பஞ்சியிலை கடல் தண்ணியை அள்ளி ஊத்தினனீங்களோ?"

"இல்லைத் தம்பி. நான் அப்பிடிச் செய்யேல்லை."

"அப்ப உப்பு எங்காலை வந்தது? வானத்தாலையோ?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் மறுபடி இல்லையென்றார், அவ்வளவுதான். அன்று பின்னேரமே அத்தான் அவரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கண்டுபிடித்துவிட்டேன் என்ற நிம்மதியில் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் பழைய தண்ணீரையெல்லாம் இறக்கி, உள்ளே கழுவி, புதுக் கூலன்ட் நிரப்பினேன். இனி எவனும் கை வைக்கக்கூடாது என்று மூடியைக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். படகு போய் மூன்றாம் நாள் திரும்பியது. கம்பி நான் முறுக்கியபடியே இருந்தது. அதை வெட்டி மூடியைத் திறந்தால் தண்ணீர் நாலு விரல் குறைந்திருந்தது. நாக்கில் வைத்தேன். அதே உப்பு.

பழைய மூடி ஒன்றைத் துளைத்து சைக்கிள் வால்வைப் பொருத்தி, தாங்கிக்குள் பம்பால் காற்றடித்தேன். அடித்த காற்று மெல்ல இறங்கியது. கூலன்டைக் கடல் தண்ணீரால் ஆற்றும் கூலரில் பூட்டியிருந்த கடல் தண்ணீர்க் குழாயைக் கழற்றினேன். அந்த வாயிலிருந்து பச்சைச் சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

கூலருக்குள் மெல்லிய செப்புக் குழாய்கள். ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் கடல். குழாய் ஓட்டையானால், ஓடும்போது கூலன்ட் கடல் தண்ணீரோடு சேர்ந்து வெளியே போய்விடும். எஞ்சின் ஆறும்போது கடல் உள்ளே வரும். படகுக்குள் ஒரு சொட்டும் விழாது. வயலில் ஓடும் எஞ்சினில் இந்தக் கூத்து இல்லை.

கூலரைக் கழற்றி யாழ்ப்பாணத்தில் ஒரு எஞ்சின் சாமான் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிங்க் எங்கை?" என்றார்.

"என்ன சிங்க்?"

கூலரின் நுனியில் முறுக்கிப் பூட்டியிருந்த பித்தளை ஆணியைக் காட்டினார். "இதிலை சிங்க், துத்தநாகத் துண்டு இருக்கவேணும். கடல் தண்ணி முதல் அதைத்தான் அரிக்கும். அது இல்லாட்டி குழாயை அரிக்கும். ஆர் உந்த வெறும் ஆணியைப் போட்டது?"

"ஆரோ ஒரு மடையன்," என்றேன்.

அதற்கு முந்தைய வருடம் சர்வீஸ் செய்தபோது, உக்கிப்போன சாம்பல் நிறத் துண்டோடு ஓர் ஆணியைக் கழற்றிக் கடலில் எறிந்தவன் நான். பளபளவென்று புதுப் பித்தளை ஆணி போட்டு, வேலை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அத்தானிடம் பெருமை அடித்தவனும் நான்தான்.

அத்தானிடம் உண்மையைச் சொன்னேன். "சரி விடு. வெளியிலை கதைக்காதை, எங்களுக்குத்தான் வெக்கம்," என்றார். புதுக் கூலர் போட்டோம். தண்ணீர் குறையவில்லை. எனக்கோ சோறு இறங்கவில்லை. ஸ்பனரை எடுத்தால் எதற்கு எடுத்தேன் என்பதே மறந்தது. நாலாம் நாள் அந்த அண்ணையைத் தேடிப் போனேன். எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார்.

"பிழை என்ரை அண்ணை," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்தபடியே கேட்டார்.

"கூலர் மாத்தியாச்சோ?"

"ஓம்."

"நல்லது. பெடியள் பயமில்லாமல் போகலாம்." பிறகு நிமிர்ந்தார். "தம்பி, துறையிலை அத்தினை பேருக்கு முன்னாலை வைச்சுக் கேட்டனீர். இங்கை வந்து வெங்காயத்துக்குச் சொல்லுறீர்."

மறுநாள் காலை, படகுகள் மீன் இறக்கும் நேரத்தில் துறையில் போய் நின்றேன். அவர் கடல் தண்ணீர் ஊற்றவில்லை, நான் போட்ட ஆணியால்தான் உப்பு வந்தது என்று உரக்கச் சொன்னேன். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அத்தான் திரும்பக் கூப்பிட்டும் அவர் எங்கள் படகுக்கு வரவில்லை. அதே கிழமை வேறொரு படகில் ஏறினார். அதன் எஞ்சினுக்குக் கை வைக்க என்னை மட்டும் கூப்பிடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் ஏறினாராம்.