புதன்கிழமைப் படம்

அந்தப் பழைய போனின் ஒரு மூலை உடைந்திருக்கிறது. "எல்லாத்தையும் அழிச்சுத் தா மக்கா" என்று நேற்று மைனி அதை என் கையில் தந்தாள். மைனி என் அண்ணன் மனைவி. திறந்தால் படத்துக்குப் படம் அவளேதான். பின்னால் அதே நீலச் சுவர், அதே தேதி கிழிக்கும் காலண்டர். சேலை மட்டும் மாறுகிறது, கொஞ்சம் கொஞ்சமாய்த் தலையும் நரைக்கிறது.

அண்ணன் துபாயில் இருந்தான். கல்யாணமான புதிதில், "உனக்க மொகத்தப் பாத்தாத்தான் சோறு எறங்கும்" என்றான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மைனி தன்னைத்தானே படமெடுத்து அனுப்ப வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் கொடுத்துவைத்தவள் என்றார்கள். பிறகு, "வீட்டுச் சொவரு தெரியணும், கேட்டியா" என்றான். அதற்கும் பிறகு காலண்டர் தேதியும் தெரிய வேண்டும் என்றான். ஆசை எப்போது ஆஜர் பட்டியல் ஆனதென்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆறு மணிக்குள் திரும்ப முடியாத எந்த இடத்துக்கும் மைனி போனதில்லை.

ஒரு புதன்கிழமை இரணியலில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். அப்பாவும் நானும் போனதும் மைனி முட்டத்துக்கு பஸ் ஏறுவாள், பாறைமேல் உட்கார்ந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பார்ப்பாள். திட்டம் இவ்வளவுதான். எனக்கு மட்டும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை விடியுமுன் ட்யூப்லைட்டைப் போட்டு, பச்சைச் சேலை உடுத்து, காலண்டரில் செவ்வாயைக் கிழித்துவிட்டு மறுநாளைக்கான படத்தை எடுத்துவைத்தாள். சோறு வெந்ததும் பருக்கை வைத்து ஒட்டச் சொல்லி, கிழித்த தாளை என்னிடம் தந்தாள். காலேஜுக்குப் போகிற அவசரத்தில் நான் மறந்துபோனேன்.

மைனி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் அப்பா காலண்டரைப் பார்த்தார். புதன் என்று நம்பி, வெள்ளை வேட்டி கட்டித் தனியாகவே இரணியலுக்குப் போய், பூட்டிக் கிடந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். சாயங்காலம் நான் படியேறும்போதே, "ஏட்டி, ஆரு கிழிச்சது?" என்றார். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். "மைனி" என்றேன். அந்த என் வாயை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா துருவித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் கறந்துவிட்டு அண்ணனுக்கு போன் போட்டார். மைனி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "ஒட்டலியா மக்கா?"

இப்போது அண்ணன் ஊரோடு வந்துவிட்டான். யாரும் படம் கேட்பதில்லை. வரிசையாய் அழித்துக்கொண்டே வந்தவள் இரண்டு படங்களில் நின்றுவிட்டேன். இரண்டிலும் பச்சைச் சேலை, இரண்டிலும் அதே புதன்கிழமை. ஒன்றில் மைனி பல் தெரியச் சிரிக்கிறாள். வேறு எந்தப் படத்திலும் அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

"இது மட்டும் கெடக்கட்டா மைனி?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "அது செவ்வாக்கிழம எடுத்ததுல்லா. புதன்கிழம எடுத்தது அடுத்தது."

மணி ஆறாகியிருந்தது. அடுத்த அறையில் அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் கூப்பிடாமலே மைனி எழுந்துபோய் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு நீலச் சுவரோரம் வந்து நின்றாள். போன் என் கையில்தான் இருந்தது.